துரைசாமி நிரந்தரமான விதம்

துரைசாமிக்குக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்த அன்றே அவனுடைய முன்பல் ஒன்று போயிற்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று கல்லூரி நிர்வாகக் குழு பிற்பாடு ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது. படித்தவர்கள் கூடிச் சொல்வதை நாம் ஏன் மறுக்க வேண்டும்? சம்பந்தமில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

நடந்தது இவ்வளவுதான். எழுபதாம் வருஷம், பூஜை விடுமுறை முடிந்த சமயம். கல்கத்தாவில் பெஹாலாப் பக்கத்து ராஜா ஹரிவிலாஸ் ஸ்மிருதி கல்லூரியில் உத்தரவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தான் ஆளப்போகும் ஆடுகளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று துரைசாமி பின்பக்கம் போனான். காங்கேயத்துக்காரன். ஆறடிக்கும் மேல் உயரம். கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்துகொண்டு துறைமுக அணிக்காகக் கூடைப்பந்து ஆடியவன். பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு ஆசை இல்லாதவன். அதற்காகத் துறைமுக வேலையை உதறிவிட்டு வந்திருந்தான். களத்தின் நடுக்கோட்டில் நின்று இரண்டு கூடைகளையும் மாறி மாறி ஆசையோடு பார்த்தான். கிழக்கிலிருந்து சிலரும் மேற்கிலிருந்து சிலரும் வந்து, அவன் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். பயிற்சியாளன் நடுவில்தான் நிற்பான் என்று துரைசாமி உள்ளதைச் சொன்னான். அந்த வருஷம் அந்த ஊரில் சொல்லக்கூடாத பதில் அது ஒன்றுதான். பல்லை எடுத்தது மேற்கத்திச் சைக்கிள் செயினா, கிழக்கத்திச் செங்கல்லா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. மறுநாள் கல்லூரியின் இரண்டு மாணவர் யூனியன்களின் சுவரொட்டிகளும் அந்தப் பெருமை தமக்கே என்று சொல்லிக்கொண்டன.

அவன் மனைவி நீலாவதி வாயைக் கொப்புளிக்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"மூட்டை எண்ணிக்கிட்டு இருந்தப்ப முப்பத்திரண்டும் இருந்துச்சுங்க" என்றாள். மற்றதை எல்லாம் துறைமுக வேலையை விட்ட அன்றே சொல்லித் தீர்த்திருந்தாள்.

பிரின்சிபால் அமியபூஷண் சக்ரவர்த்தி தங்கமான மனிதர். வெள்ளை வேட்டியின் கொசுவ நுனியைக் கையில் பூப்போலப் பிடித்துக்கொண்டு நடப்பார். துரைசாமியின் வீங்கிய உதட்டைப் பார்த்தும் பார்க்காமல், ஆசிரியர் அறையின் சுவரைக் காட்டினார். மாலை போட்ட நான்கு படங்கள் வரிசையாகத் தொங்கின. ஐந்தாவதாக ஓர் ஆணி மட்டும் இருந்தது.

"மிஸ்டர் துரைசாமி, பயிற்சியாளரின் வாழ்க்கை ஒரு படிக்கட்டு. முதலில் தற்காலிகப் பயிற்சியாளர். அடுத்தது முதுநிலைத் தற்காலிகப் பயிற்சியாளர். அதற்கு மேலே நிரந்தரம். எங்கள் பயிற்சியாளர்களில் ஒருவர்கூடக் கீழே இறங்கியது கிடையாது. இந்த நால்வரும் பணியில் இருக்கும்போதே மேலே போனவர்கள்."

நிரந்தரமாவதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். சொந்தக் களத்தில் ஓர் ஆட்டம், ஒரே ஓர் ஆட்டம், தொடக்கத்திலிருந்து கடைசி வரை நடந்து முடிய வேண்டும். பல்கலைக்கழக விளையாட்டு வாரியத்தின் விதி அது. ஜெயிக்கவேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. இதென்ன பிரமாதம், கரும்பு தின்னக் கூலியா என்று துரைசாமி நினைத்தான். படத்தில் இருந்த நால்வரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

களத்தின் இலக்கணம் அவனுக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. நடுக்கோட்டுக்குக் கிழக்கே இருந்த பேட்டையும் கிழக்குக் கூடையும் ஒரு யூனியனுக்குச் சொந்தம். மேற்கே இருந்த பேட்டையும் மேற்குக் கூடையும் இன்னொன்றுக்கு. கிழக்குக்குத் தலைவர் பாப்லு-தா; மேற்குக்குக் கோகன்-தா. தா என்றால் அந்த ஊரில் அண்ணன். இருவருமே புரட்சிக்காரர்கள்; ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள்; எந்த வரிக்குக் கீழே கோடு போடுவது என்பதில் பிரிந்தவர்கள். கிழக்குப் பையன் நடுக்கோட்டைத் தாண்டினால் மேற்குக்காரர்கள் வெட்டுவார்கள். மேற்குப் பையன் தாண்டினால் கிழக்குக்காரர்கள் குண்டு போடுவார்கள். வெளியூர் அணி மட்டும், விருந்தாளி என்ற முறையில், இரண்டு பக்கமும் ஓடலாம்.

அணியில் இரண்டு பேட்டைப் பையன்களும் இருந்தார்கள். துரைசாமி உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். கிழக்குப் பையன்கள் மூவர் கிழக்குப் பாதியிலேயே ஆடுவார்கள்; மேற்குப் பையன்கள் இருவர் மேற்கிலேயே நிற்பார்கள். நடுக்கோட்டைப் பந்து தாண்டும், ஆள் தாண்டமாட்டான். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தை மூன்று பேரும் இரண்டு பேருமாக ஆடுவது முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான். ஆனாலும் ஆட்டம் நடக்கும். நடந்து முடிந்தால் போதாதா?

கிழக்குப் பையன்களில் தபன் என்று ஒருவன் இருந்தான். அணித் தலைவன். துரைசாமியின் காதளவு வளர்ந்தவன். அவன் கையில் பந்து போனால் அது கூடைக்கு வழி கேட்காமலே போகும். துரைசாமி அவனுக்கு ஃப்ரீ த்ரோ போடுவதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தான். கோட்டில் நின்று, முதலில் கண்ணை மூடு; கூடையை மனசுக்குள் பார்; பிறகு திறந்து எறி. தபன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது அந்த முகத்தில் ஒரு பயமும் இருக்காது. அந்தக் கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கத் துணிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தபன் துரைசாமி வீட்டுக்குச் சாப்பிட வருவான். நீலாவதியை பௌதி என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவான். அவள் செய்யும் அரிசிம்பருப்புச் சோற்றை, எங்கள் கிச்சுரிதான் இது, மெட்ராஸுக்குப் போய் நல்ல புத்தி கற்றுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்று புகழ்ந்துகொண்டே மூன்று தட்டு சாப்பிடுவான். குழந்தை இல்லாத வீட்டில் அவன் சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

அவனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். கிழக்கு யூனியனுக்குச் சுவரொட்டி ஒட்டுவான். உயரமானவனாகையால் எட்டாத உயரத்தில் ஒட்டிவிடுவான். மேற்குக்காரர்களால் கிழிக்க முடியாது. மற்ற குற்றங்களுக்கு மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது என்று மேற்கு யூனியன் கூட்டம் போட்டு முடிவு செய்தது. கோகன்-தா தாமே வீடு தேடி வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நீலாவதி கொடுத்த காபியைக் குடித்தபடி துரைசாமியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"ஸார், நீங்கள் கண்ணியமானவர், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். தபன் நடுக்கோட்டைத் தாண்டும் அன்று அவனை முடித்துவிடுவோம். உங்கள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் கிடையாது. காபி மிக நன்றாக இருந்தது."

முதல் ஆட்டம் இடைவேளைவரைகூடப் போகவில்லை. வெளியூர்ப் பையன் ஒருவன் களைப்பாறச் சுவரில் சாய்ந்தான். மேற்கு யூனியன் அன்று காலைதான் எழுதிய புரட்சி வாசகம் ஈரமாக இருந்தது. அவன் நிமிர்ந்தபோது வாசகத்தில் பாதி அவன் முதுகில் இருந்தது. அதைப் படித்துப் பார்த்த கிழக்குக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்த திசையைக் குறிவைத்து முதல் குண்டு வந்தது. சணலும் ஆணியும் கண்ணாடித் தூளும் சேர்த்துக் கட்டிய நாட்டுக் குண்டு. வெளியூர்ப் பையனைக் கீழே தள்ளி அவன்மேல் படுத்த துரைசாமியின் இடது காது அன்றோடு அடைத்துக்கொண்டது. ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த தாத்தாவின் இரண்டு விரல்களை மேசைக்கு அடியில் தேடி எடுத்தார்கள்.

நிர்வாகக் குழு கூடியது. துரைசாமியின் அனுபவம் கூடியிருப்பதை ஒப்புக்கொண்டு, அவனை முதுநிலைத் தற்காலிகப் பயிற்சியாளனாக உயர்த்தியது. காதுக்கும் உயர்வுக்கும் சம்பந்தமில்லை என்று அடியில் ஒரு வரி இருந்தது. ஆட்டம் முடியாததால் நிரந்தரம் மட்டும் தள்ளிப்போயிற்று.

இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு யூனியன்களும் சாதுவாக இருந்தன. இடைஞ்சல் ரோட்டிலிருந்து வந்தது. ரெஃப்ரீ ஒருமுறை நீளமாக விசில் ஊதினார். பேட்டைகளில் போலீஸ் வருவதை எச்சரிக்கத்தான் அப்படி நீளமாக விசில் ஊதுவது வழக்கம். இரண்டு பக்கத்து வாலிபர்களும் துப்பாக்கியோடு கூரைமேல் ஏறினார்கள். கூரைமேல் ஆட்களைப் பார்த்ததும், அதுவரை எட்டிப் பார்க்காத போலீஸ் உண்மையாகவே வந்தது. ஒரே மாதிரிச் சட்டை போட்ட இளைஞர்கள் ஒருவனைத் துரத்துகிறார்கள். துரத்தப்படுகிறவன் கையில் உருண்டையாக ஏதோ இருக்கிறது. போலீஸ் அதற்குமேல் யோசிக்கவில்லை. லத்திகள் விளாசின. ரெஃப்ரீயின் மண்டை பிளந்தது. பையன்களை விட்டுவிடுங்கள் என்று குறுக்கே பாய்ந்த துரைசாமியின் தோள்பட்டைக் காறை எலும்பு மளுக்கென்று ஒடிந்தது. பந்தைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிவைத்து, நான்கு போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு மறுநாள்வரை காவல் இருந்தார்கள். அது வெடிக்கவில்லை. சரியான வங்காளப் பந்து, சமயம் பார்க்கிறது என்றார் இன்ஸ்பெக்டர்.

நிர்வாகக் குழு மறுபடி கூடியது. ஆராய்ந்ததில் குற்றம் விசில்மேல் என்று தெரிந்தது. இனிமேல் விசில் கூடாது. தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடித்து மணி ஒலிக்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. கம்பி கனமாக இருக்கட்டும், சத்தம் கண்ணியமாக வரும் என்று பிரின்சிபால் சொன்னார்.

கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு துரைசாமி விளையாட்டு வாரியத்து உதவிச் செயலர் வெங்கடசுப்ரமணியனைப் பார்க்கப் போனான். நம்ம ஊர்க்காரர், ஈரம் இருக்கும் என்று நீலாவதிதான் அனுப்பினாள். லேக் மார்க்கெட்டில் குடியிருந்த கும்பகோணத்துக்காரர். மேசைமேல் விதிப் புத்தகத்தைத் தவிர வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதவர். துரைசாமி தன் காதையும் எலும்பையும் பற்றிச் சொல்லி, அரைகுறை ஆட்டங்கள் இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டான்.

"பாருங்கோ மிஸ்டர் துரைசாமி. காது கேக்கலேங்கறேள். நான் பேசறதுக்குப் பதில் சொல்றேளோன்னோ? அப்ப கேக்கறது. எலும்பு ஒடிஞ்சுதுங்கறேள். சட்டைக்குள்ள ஒடிஞ்சா வாரியத்துக்கு எப்படித் தெரியும்? எலும்பு வெளில வந்து தெரியணும். அப்பத்தான் அது காயம். மத்ததெல்லாம் அபிப்பிராயம்." புத்தகத்தை மெல்லத் தட்டினார். "கடைசி மணி வரைக்கும் ஆட்டம் நடந்தா நீங்க நிரந்தரம். நடுவுல யார் இருக்கா, யார் போறாங்கறது ஆட்டத்தோட உள்விஷயம். வாரியம் அதுல தலையிடாது."

"அதுக்குள்ள எம்பட உசுரு போயிருச்சுன்னாங்க?"

"ரொம்ப நல்ல கேள்வி. பின்தேதியிட்டு நிரந்தரம் பண்ண இடமிருக்கு."

மூன்றாவது ஆட்டத்தோடு கல்வியாண்டு முடிகிறது. அதிலும் தவறினால் வேலை போயிற்று. துறைமுகத்தில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி யார், பூசாரி யார் என்பதே துரைசாமிக்கு விளங்கவில்லை.

அந்த ஆட்டத்துக்கு வெங்கடசுப்ரமணியனே மேற்பார்வையாளராக வந்து, குடை நிழலில் உட்கார்ந்தார். எதிரணி டம்டம் பக்கத்துக் கல்லூரி. மேற்குக் கூடைக்குப் பின்னால் கோகன்-தாவின் ஆட்கள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காலடியில் ஈரச் சாக்கு ஒன்று இருந்தது. குண்டுகளை அப்படித்தான் தவிடு போட்டுப் பதமாக எடுத்துவருவார்கள். ஆர்வமுள்ள பார்வையாளர்கள் என்று பிரின்சிபால் அவர்களை உதவிச் செயலருக்கு அறிமுகம் செய்துவைத்தார். கிழக்கே பாப்லு-தாவின் ஆட்கள் செங்கல்லும் சிமெண்டும் இறக்கியிருந்தார்கள். எதற்கு என்று துரைசாமி கேட்டான். தியாகி மேடை கட்ட என்றார் பாப்லு-தா. தியாகி யார் என்றதற்கு, அது இன்னும் முடிவாகவில்லை, ஆனால் நல்ல உயரமான மேடையாக இருக்கும் என்றார்.

முதல் பாதியில் கிழக்குக் கூடை கல்லூரி அணியின் குறியாக இருந்ததால் தபன் புகுந்து விளையாடினான். எறிந்ததெல்லாம் உள்ளே. இரண்டாம் பாதியில் திசை மாறியது. மேற்கே இரண்டு பையன்கள் திண்டாடிக்கொண்டிருக்க, கிழக்கே தபன் கூடையைக் காத்து நின்றான். ஒருவனும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. ஒரு குண்டும் விழவில்லை. துரைசாமிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசி நிமிஷத்தில் துரைசாமியின் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது.

அப்போதுதான் டம்டம் பையன் ஒருவன், பந்தோடு நின்ற தபனை வேண்டுமென்றே இடித்துக் கீழே தள்ளினான். ரெஃப்ரீ கையைத் தூக்கினார். இரண்டு ஃப்ரீ த்ரோ.

இத்தனை நாள் எல்லாவற்றையும் யோசித்த துரைசாமி இதை யோசிக்கவில்லை. ஃப்ரீ த்ரோவை இடிபட்டவனேதான் எறிய வேண்டும். எதிர்க் கூடையில்தான் எறிய வேண்டும். தபன் நடுக்கோட்டைத் தாண்டி, மேற்குக் கூடைக்கு முன்னால், கோகன்-தாவின் ஆட்கள் மூச்சுக் காற்று படும் தூரத்தில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். கண்ணை வேறு மூடிக்கொண்டு. அப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்தவன் துரைசாமிதான்.

துரைசாமி குடையடிக்கு ஓடினான். பையனுக்கு அடிபட்டிருக்கிறது, வேறு ஆளை எறியவிட வேண்டும் என்றான். வெங்கடசுப்ரமணியன் எழுந்துபோய்த் தபனின் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் சிராய்ப்பு, வாரியத்தின் கணக்கில் இது காயமில்லை என்றார். மேற்குக் கூடைக்குப் பின்னால் நிற்பவர்களைத் துரைசாமி காட்டினான். அவர்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், விதிப்படி சரியாகத்தான் இருக்கிறது என்றார் அவர். அப்படியானால் ஆட்டத்தையே விட்டுக்கொடுக்கிறோம் என்றான் துரைசாமி.

"எனக்கு நிரந்தரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாமுங்க. எழுதிக்குங்க. நாங்க தோத்துட்டோம்."

"விட்டுக்கொடுக்கற அதிகாரம் பயிற்சியாளருக்கு இல்லை. அணித் தலைவருக்குத்தான்."

அணித் தலைவன் தபன். அவனோ பந்தை வாங்கிக்கொண்டு நின்றான். இருபது வயது. கிழக்குக்காரர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கோஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள். தியாகி மேடைக்குச் சிமெண்டு குழைக்கும் சத்தம் கேட்டது. பாப்லு-தா அவன் முதுகில் தட்டி, போ தோழா என்றார். மேற்கே ஒருவன் குனிந்து சாக்கின் வாயை அவிழ்த்தான். கோகன்-தா இடுப்பிலிருந்து நீளமாக ஒன்றை எடுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். பிரின்சிபால் வேட்டி நுனியைப் பிடித்தபடி, கல்லூரியின் முதல் வெற்றி என்று உதவிச் செயலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தபன் நடுக்கோட்டைப் பார்த்து நடந்தான்.

மணிக்காரன் பக்கத்தில்தான் இருந்தான். அவன் கையிலிருந்த இரும்புக் கம்பியைத் துரைசாமி பிடுங்கிக்கொண்டான். நல்ல கனமான கம்பி.

"தபன். இங்க வா" என்று வங்காள மொழியில் கூப்பிட்டான். நடுக்கோட்டுக்கு ஓரடி இப்பால் தபன் நின்று திரும்பினான்.

"கண்ணை மூடு. கூடையைப் பாரு."

எத்தனையோ தடவை கேட்ட வார்த்தை. தபன் கண்ணை மூடினான். பந்தை இடது கையில் இடுக்கிக்கொண்டு, வலது கையை எறியப் போவதுபோல நீட்டினான். துரைசாமி ஒடியாத பக்கத்துக் கையால் கம்பியை ஓங்கி, தன் பலம் அத்தனையும் சேர்த்து, அந்த முன்கையில் இறக்கினான். பச்சை மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. இன்னொரு அடி. வாரியம் கேட்டபடியே எலும்பு வெளியே வந்து தெரிந்தது. தபன் கண்ணைத் திறந்து துரைசாமியைப் பார்த்தான். பிறகுதான் அலறினான்.

குண்டுக்கும் கத்திக்கும் அசையாத கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. வெங்கடசுப்ரமணியன் குடையோடு வந்து குனிந்து பார்த்தார். இது காயம்தான் என்றார். மாற்று ஆள் எறிய அனுமதி தந்தார். மேற்குப் பையன் ஒருவன் வந்து இரண்டு தடவை எறிந்தான். இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே போயின. மணிக்காரன் துரைசாமியின் கையிலிருந்து கம்பியை வாங்கி, வேட்டியில் துடைத்துவிட்டு, கடைசி மணியை அடித்தான். அந்தக் கல்லூரி வரலாற்றில் முதன்முதலாக ஓர் ஆட்டம் நடந்து முடிந்தது. துரைசாமியின் அணி ஒரு புள்ளியில் ஜெயித்தது.

அதன் பிறகு நடந்ததைக் கல்லூரி ஆண்டு மலரில் ஒற்றுமையின் பொன்னாள் என்று எழுதியிருக்கிறார்கள். கையிலிருந்த இரை தட்டிப்போன கோபம் மேற்குக்காரர்களுக்கு. குழைத்த சிமெண்டு வீணாய்ப்போன கோபம் கிழக்குக்காரர்களுக்கு. மாணவனைத் தாக்கிய பயிற்சியாளர் ஒழிக என்று இரண்டு கூட்டமும் ஒரே குரலில் கூவிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி, இரண்டு பக்கமிருந்தும் ஒன்றாகக் கலந்து துரைசாமியின்மேல் விழுந்தன. செயினும் செங்கல்லும் முதன்முறையாக ஒரே பக்கம் நின்று வேலை செய்தன. கோகன்-தாவும் பாப்லு-தாவும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அடியில் கிடந்த துரைசாமி, தன்னைச் சுற்றி ஒரே கால்களாக இருந்ததால், யார் கிழக்கு யார் மேற்கு என்று அடையாளம் காண முயன்று தோற்றான். ஆம்புலன்ஸில் தபனுக்குப் பக்கத்திலேயே அவனையும் ஏற்றினார்கள். தபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விசாரணைக்குத் துரைசாமி ஊன்றுகோலோடு போனான். பிரின்சிபால் கண் கலங்கிப் பேசினார்.

"இந்தக் கல்லூரியில் சம்பவங்கள் நடந்திருக்கின்றன. வருந்தத்தக்க ஒலிகள் கேட்டிருக்கின்றன. நான்கு பயிற்சியாளர்கள் காலமாகியிருக்கிறார்கள். ஆனால் வன்முறை? மிஸ்டர் துரைசாமி, ஒரு மனிதன் இன்னொரு மனிதனை, அதுவும் மணியடிக்கும் கம்பியால் அடித்த காட்சியை இந்த வளாகம் இதுவரை கண்டதில்லை. எங்கள் கைகளில் படிந்த முதல் கறை நீங்கள்தான்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கம்பியால் அடித்தாயா என்று கேட்டார்கள். அடித்தேன் என்றான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அவனை வேலையைவிட்டு நீக்குவதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஒழுங்கீனத்துக்காக நீக்குவதென்றால் அவன் நிரந்தர ஊழியனாக இருக்க வேண்டும். தற்காலிகர்களுக்கு அந்த விதி பொருந்தாது. நல்லவேளையாக ஆட்டம் நடந்து முடிந்திருந்தது. வெங்கடசுப்ரமணியன் விதிப் புத்தகத்தைப் புரட்டி வழி சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் துரைசாமியை நிரந்தரமாக்கினார்கள். கைதட்டினார்கள். ரசகுல்லா கொடுத்தார்கள். மத்தியானம் நீக்கினார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆசிரியர் அறையில் அந்த ஐந்தாவது ஆணி வெறுமையாகவே இருந்தது. அந்த வரிசையில் உயிரோடு வெளியே போன முதல் பயிற்சியாளன் துரைசாமி. உயிரோடு போகிறவனுக்குப் படம் மாட்டும் வழக்கம் அங்கே இல்லை.

கிடர்பூரில் ஒரு காண்டிராக்டரிடம் மறுபடியும் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது. ஊன்றுகோலோடு எண்ணினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாருடனும் பேசுவதில்லை. பையன் தன்னைப் பார்த்த அந்தப் பார்வை கண்ணைவிட்டுப் போகவில்லை. உயிரைக் காப்பாற்றினோம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். எலும்பு முறிந்த சத்தம்தான் பதிலாகக் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தபன் வந்தான். கை தோள்வரை மாவுக்கட்டுக்குள் இருந்தது. துரைசாமியைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தான். அம்மா வேலைக்குப் போய்விடுகிறாள், ஊட்டிவிட ஆள் இல்லை, இடது கையால் சாப்பிட மனசு வரவில்லை என்று பௌதியிடம் முறையிட்டான். நீலாவதி அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்து, உருட்டி உருட்டிக் கொடுத்தாள். துரைசாமி நிலைப்படியில் நின்றான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் இல்லை.

தட்டு பாதி காலியானதும் தபன் சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"ரெண்டு ஃப்ரீ த்ரோவும் என்ன ஆச்சு ஸார்?"

"ரெண்டும் போகலே" என்றான் துரைசாமி.

தபனின் கண் நிறைந்துவிட்டது.

"நான் எறிஞ்சிருந்தா ரெண்டும் போயிருக்கும்."

"போயிருக்கும்டா" என்றான் துரைசாமி.

நீலாவதி அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டாள்.

"பந்தோட நீயும் போயிருப்பே கண்ணு" என்றாள். "வாயைத் தொற."